கீழிருந்து மேலே: ஷார்த்ர் பேராலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் தியானமும்

ஐரோப்பியத் தேவாலயங்களின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைப் பற்றிப் பேச்சு எழும்போது ஒரு விளக்கம் தவறாமல் வந்துவிடும். அவை எழுத்தறியாத ஏழைகளின் விவிலியம், படிக்கத் தெரியாதவர்களுக்குத் திருமறைக் கதைகளைச் சொல்லிக்கொடுக்க எழுந்த படப் புத்தகம் என்பதே அது. இந்தக் கருத்துக்குப் பழைய வேர் உண்டு. கி.பி. 600ஐ ஒட்டிய ஆண்டுகளில் மார்செய் நகர ஆயர் செரெனுஸ் தம் ஆலயங்களில் இருந்த படங்களை உடைத்தெறிந்தார். அதைக் கேள்விப்பட்ட திருத்தந்தை பெரிய கிரகோரி அவரைக் கண்டித்து எழுதினார். படங்களை வணங்குவது தவறுதான்; ஆயினும் ஏட்டைப் படிக்க முடியாதவர்கள் சுவரைப் பார்த்துப் படித்துக்கொள்ள அவை உதவும் என்பது அவர் வாதம். அந்த வாதம் பின்வந்த நூற்றாண்டுகளில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்பட்டது. கண்ணாடிச் சாளரங்களுக்கும் அது அப்படியே பொருத்தப்பட்டது.

சாளரத்தின் முன் நேரில் நிற்பவருக்கு இந்த விளக்கம் போதாது. பிரான்சின் ஷார்த்ர் பேராலயத்தில் நடுக்கூடத்தின் வளைவுக் கூரை ஏறத்தாழ 37 மீட்டர் உயரம். மேல்வரிசைச் சாளரங்களில் நிற்கும் பெரிய உருவங்களைத் தரையிலிருந்து இனங்காணலாம். கீழ்வரிசையிலோ கதைகள் சிறு சிறு பதக்கங்களாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் உச்சிப் பகுதியைக் காண வெறுங்கண் திணறும். எந்தக் காட்சி முதலில், எந்தக் காட்சி அடுத்து என்பதும் எளிதில் பிடிபடாது. கதையை முன்பே அறியாதவருக்கு இந்தப் படங்கள் தாமாக எதையும் கற்றுத் தருவதில்லை. இவை உண்மையிலேயே ஏழைகளின் விவிலியங்களா என்று கலை வரலாற்றாளர் மேடலின் கேவினெஸ் நேரடியாகவே கேட்டு ஆராய்ந்திருக்கிறார்.

பாடம் சொல்லித்தருவது இவற்றின் முதல் வேலை இல்லையென்றால், வேறு எது? இந்தக் கட்டுரையின் வாதம் இது: சாளரம் நமக்குத் தெரிந்த கதையைப் புதிய வரிசையில் வைக்கிறது; பார்ப்பவரின் வேகத்தைக் குறைக்கிறது; அந்தக் கதைக்குள் தாம் யார் என்று அவரையே தேடவைக்கிறது. ஒளியும், மனிதக் கண்ணின் இயல்பும், கீழிருந்து மேலேறும் வாசிப்பும் இதற்கு அதன் கருவிகள். ஷார்த்ரில் இருக்கும் நல்ல சமாரியர் சாளரம் இதற்கு மிகத் தெளிவான சான்று.

தீயிலிருந்து எழுந்த ஆலயம்

பாரிசுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில், போஸ் சமவெளியின் கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கிறது ஷார்த்ர். அன்னை மரியாவின் ஆடை என்று போற்றப்படும் துணி ஒன்று இங்கே பாதுகாக்கப்பட்டு வருகிறது. 876இல் பேரரசர் வழுக்கைத்தலை சார்லஸ் அதை வழங்கியதாக மரபு சொல்கிறது. அந்தத் துணியைத் தரிசிக்க மக்கள் திரண்டதால் ஊர் பெரும் திருத்தலமாக வளர்ந்தது. 1194 ஜூன் 10 அன்று மூண்ட தீயில் பழைய பேராலயத்தின் பெரும்பகுதி அழிந்தது. ஆடையும் எரிந்துபோயிற்று என்று ஊர் கலங்கியது. சில நாள் கழித்து அது நிலவறையிலிருந்து பழுதின்றி வெளியே கொண்டுவரப்பட்டது. அன்னை தமக்கு இன்னும் சிறந்த இல்லத்தைக் கேட்கிறார் என்று மக்கள் அதற்குப் பொருள்கொண்டார்கள். 1220 வாக்கில் கட்டுமானத்தின் பெரும்பகுதி முடிந்தது. 1260 அக்டோபர் 24 அன்று அரசர் ஒன்பதாம் லூயியின் முன்னிலையில் ஆலயம் நேர்ந்தளிக்கப்பட்டது.

தீக்குத் தப்பிய மேற்கு முகப்பில் 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த மூன்று நெடுஞ்சாளரங்கள் இன்றும் இருக்கின்றன. ஒன்றில் ஈசாயின் உடலிலிருந்து கிளைக்கும் குலமரம். நடுவில் இயேசுவின் பிறப்பும் இளமையும். இன்னொன்றில் பாடுகளும் உயிர்த்தெழுதலும். தப்பிய மற்றொன்று, நீல ஆடை உடுத்து மகனை மடியில் ஏந்தியிருக்கும் மரியாவின் உருவம். 1180 வாக்கில் செய்யப்பட்ட அந்தக் கண்ணாடியைப் புதிய ஆலயத்தின் தெற்குப் பக்கத்தில், சுற்றிலும் வானதூதர்களைச் சேர்த்துப் பதித்தார்கள். பழையதை மீட்டுப் புதியதன் நடுவில் வைத்த அந்தச் செயலே ஒரு வழிபாடு.

இன்று பேராலயத்தில் 176 சாளரங்கள் உண்டு. கண்ணாடியின் பரப்பு சுமார் 2,600 சதுர மீட்டர். பெரும்பாலானவை 13ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் செய்யப்பட்டவை. மத்தியகாலக் கண்ணாடி இவ்வளவு நிறைவாக ஒரே கூரையின் கீழ் நிலைத்திருப்பது அரிது. அது தானாக நிலைத்துவிடவில்லை. 18ஆம் நூற்றாண்டில், பலிபீடப் பகுதிக்கு வெளிச்சம் வேண்டும் என்று ஆலயக் குருக்களே சில வண்ணச் சாளரங்களை எடுத்துவிட்டு நிறமற்ற கண்ணாடியைப் பொருத்தினார்கள். மறுபக்கம், இரு உலகப் போர்களின்போதும் கண்ணாடிகள் கழற்றப்பட்டுப் பாதுகாக்கப்பட்டன. 1944 ஆகஸ்ட் 16 அன்று, கோபுரங்களில் ஜெர்மானியப் படையினர் பதுங்கியிருக்கலாம் என்ற ஐயத்தில் பேராலயம் பீரங்கிக்கு இலக்காகும் நிலை வந்தது. அமெரிக்கக் கர்னல் வெல்போர்ன் கிரிஃபித் உள்ளே போய்ச் சோதித்து, யாரும் இல்லை என்று உறுதிசெய்து, தாக்குதலைத் தடுத்தார். அன்றே அருகிலிருந்த லேவ் என்ற ஊரில் சண்டையில் உயிரிழந்தார்.

மணலும் சாம்பலும்

இந்த ஒளிக்குப் பின்னால் இருக்கும் பொருள்கள் மிக எளியவை. 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தியோஃபிலஸ் என்ற துறவி கைத்தொழில்களைப் பற்றி இலத்தீனில் எழுதிய கையேடு கண்ணாடி செய்யும் முறையைப் படிப்படியாக விளக்குகிறது. பீச் மரத்தின் சாம்பல் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு. இரண்டையும் உலையில் உருக்கி, குழாயால் ஊதி விரித்துத் தகடாக்க வேண்டும். கோபால்ட் நீலத்தையும், செம்பு சிவப்பையும், மாங்கனீசு ஊதாவையும் தந்தன. சிவப்பு தகட்டின் முழுக் கனத்துக்கும் இருந்தால் ஒளி நுழையாது. அதனால் நிறமற்ற கண்ணாடியில் மெல்லிய சிவப்பு அடுக்குகளைச் சேர்த்து ஊதினார்கள்.

சுண்ணம் பூசிய பலகையில் சாளரத்தின் முழு வரைபடத்தையும் அதே அளவில் வரைவது அடுத்த வேலை. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கண்ணாடியைப் பிளந்து, விளிம்புகளைக் கொறித்துச் சீராக்குவார்கள். செம்புத் தூளையும் கண்ணாடித் தூளையும் அரைத்து, திராட்சை இரசத்திலோ சிறுநீரிலோ குழைத்த கரும்பூச்சால் முகங்களையும் ஆடை மடிப்புகளையும் தீட்டிச் சூளையில் சுடுவார்கள். பிறகு ஒவ்வொரு துண்டையும் ஈயப் பட்டையில் பொருத்திப் பற்றவைத்து, கனத்த இரும்புச் சட்டத்தில் ஏற்றுவார்கள். நாம் முகமாகவும் கையாகவும் காண்பது இப்படி வெட்டி, சுட்டு, ஈயத்தால் கோத்த சில்லுகளையே.

கையால் ஊதிய அந்தக் கண்ணாடி சமமாக இருப்பதில்லை. ஓரிடம் தடிப்பு, ஓரிடம் மெலிவு. உள்ளே குமிழிகள், கோடுகள். ஒளி இவற்றில் பட்டுச் சிதறுவதால் ஒரே நீலத் துண்டுக்குள்ளும் பல நீலங்கள் தோன்றுகின்றன. தொழில் நுட்பம் வளர்ந்து வழவழப்பான கண்ணாடி வந்தபின் செய்த பல சாளரங்களில் இந்த உயிர்ப்பு குறைந்துபோனது. ஷார்த்ரின் 12ஆம் நூற்றாண்டு நீலத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் கண்ணாடியில் சோடா மிகுதி. மரச்சாம்பலால் வரும் பொட்டாஷ் மிகுந்த கண்ணாடியை மழையும் காற்றும் எளிதில் அரிக்கும். சோடா மிகுந்தது அவ்வளவாக அரிபடாது. மேற்குச் சாளரங்களின் நீலம் எட்டரை நூற்றாண்டுக்குப் பிறகும் தெளிந்திருப்பது இதனால்தான்.

கண் பழகும் நேரம்

வெயிலிலிருந்து பேராலயத்துக்குள் நுழைபவருக்கு முதலில் தரை தெரியாது. மனிதக் கண் இருளுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். இந்தத் தாமதம் உடலின் விதி. பக்தருக்கும் சுற்றுலாப் பயணிக்கும் ஒன்றுதான். கண் பழகப் பழக, முதலில் வெறும் நிறக் கூட்டமாக இருந்தது பதக்கங்களாகப் பிரியும். பதக்கத்துக்குள் ஆட்கள் தெரிவார்கள். பிறகு அவர்கள் கைகள் சுட்டும் திசை புரியும்.

மங்கலான ஒளியில் நம் கண் சிவப்பை விட நீலத்தை மிகுதியாக உணர்கிறது. இதை 19ஆம் நூற்றாண்டில் செக் நாட்டு அறிவியலாளர் யான் புர்க்கின்யே விளக்கினார். பொழுது சாயும்போது ஷார்த்ரில் சிவப்புகள் முதலில் அடங்கி, நீலங்கள் தனித்து நிற்பது இதனாலேயே. நீலம் தன் எல்லையைக் கடந்து பக்கத்து நிறங்களின் மேல் பரவுகிறது, சிவப்பு அப்படிப் பரவுவதில்லை என்று பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-டூக் வாதிட்டார். ஜேம்ஸ் ராசர் ஜான்சன் 1964இல் வெளியிட்ட ஆய்வு, ஷார்த்ரின் ஒளியைக் கட்டடம், கண்ணாடி, கண் ஆகிய மூன்றும் சேர்ந்து உண்டாக்கும் அனுபவமாக அணுகியது.

சுவரோவியத்தைக் காண நாம் அதன்மேல் விழும் ஒளியை நம்பியிருக்கிறோம். அங்கே ஓவியம் சுவரில் கிடக்கிறது. நாம் அதை நோக்கிப் போகிறோம். சாளரத்தில் நடப்பது வேறு. ஒளி உருவத்தின் வழியாகப் புகுந்து நம்மை நோக்கி வருகிறது. நம் கையிலும் உடையிலும் தரைக்கல்லிலும் நிறமாக விழுகிறது. மேகம் மறைத்தால் உருவம் ஒடுங்குகிறது, விலகினால் எழுகிறது. காலையில் கண்ட சாளரம் மாலையில் அதே சாளரமாக இருப்பதில்லை. பார்ப்பவர் கட்டளையிட்டுப் பெற முடியாத ஒன்றை, காத்திருந்து பெறவேண்டியிருக்கிறது. தியானத்தைப் பயிற்றுவிக்கும் மரபுகள் வார்த்தைகளால் கற்றுத்தர முயலும் பொறுமையை இங்கே கட்டடமே நடைமுறையில் பழக்குகிறது.

சுஜேரும் வெள்ளைக் கண்ணாடித் துறவிகளும்

கண்ணாடிக்கு ஆன்மிகப் பொருள் தந்து எழுதியவர்களில் முதன்மையானவர் புனித தெனி மடத்தின் தலைவர் சுஜேர். 1122 முதல் 1151 வரை மடத்தை ஆண்ட அவர், பாரிசுக்கு வடக்கே இருந்த தம் மட ஆலயத்தின் பலிபீடப் பகுதியைப் புதுப்பித்து 1144 ஜூன் 11 அன்று நேர்ந்தளித்தார். கோதிக் கட்டடக் கலை அங்கிருந்தே தொடங்கியது என்று பொதுவாகச் சொல்வார்கள். தம் சாளரங்களில் சிலவற்றை அவரே விளக்கி எழுதியிருக்கிறார். ஒன்றில் இறைவாக்கினர்கள் தானிய மூட்டைகளைச் சுமந்து வருகிறார்கள். பவுல் எந்திரத்தைச் சுற்றி அதை மாவாக்குகிறார். பழைய ஏற்பாட்டின் உமி நீங்கிப் புதிய ஏற்பாட்டின் உணவாகிறது என்பது குறிப்பு. கல்வியறிவு இல்லாத உழவர் இதைத் தாமாக அவிழ்த்துவிட முடியாது. சுஜேரும் தம் ஆலயத்தின் சில படைப்புகள் கற்றவர்களுக்கு மட்டுமே புரியும் என்பதை ஒளிக்கவில்லை.

சுஜேரின் சிந்தனை எங்கிருந்து வந்தது என்பதில் ஆய்வாளர்கள் முரண்படுகிறார்கள். தியோனிசியு என்பவரின் பெயரில் வழங்கிய கிரேக்க நூல்கள் 827இல் பைசாந்தியப் பேரரசரின் அன்பளிப்பாக பிராங்கு அரசவைக்கு வந்து புனித தெனி மடத்தைச் சேர்ந்தன. காணும் ஒளியிலிருந்து காணா ஒளிக்கு மனம் ஏறும் என்ற அந்நூல்களின் தத்துவமே சுஜேரை இயக்கியது என்று எர்வின் பனோஃப்ஸ்கி 1946இல் எழுதினார். பீட்டர் கிட்சன் 1987இல் இதை மறுத்தார். சுஜேர் தத்துவவாதி இல்லை, அந்தத் தாக்கம் பெரிதுபடுத்தப்பட்டது என்பது அவர் முடிவு. இந்த விவாதம் எப்படி முடிந்தாலும் ஒன்று மிஞ்சுகிறது: பொருளின் அழகிலிருந்து பொருளற்றதை நோக்கி மனம் எழ முடியும் என்று சுஜேர் நம்பினார், அதைச் செலவழித்துக் கட்டியும் காட்டினார்.

அவர் காலத்திலேயே எதிர்க்குரலும் இருந்தது. சிஸ்டர்சியன் துறவியர் தங்கள் ஆலயங்களில் கண்ணாடி நிறமற்றதாக, உருவங்கள் இல்லாமல் இருக்கவேண்டும் என்று விதித்தார்கள். அவர்களின் சாளரங்களில் ஈயக் கோடுகள் மட்டுமே பின்னலாக ஓடும். நிறம் மனத்தைச் சிதறடிக்கும் என்று அவர்கள் அஞ்சினார்கள். இந்த அச்சத்தை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. அழகில் கிறங்கி நிற்பதும் தியானமும் ஒன்றல்ல. நிறமும் உருவமும் நிறைந்த சாளரம் அந்தக் கிறக்கத்தைத் தாண்டிப் பார்ப்பவரை எங்கே கொண்டுபோகிறது என்பதே உண்மையான கேள்வி.

எரிகோவுக்குப் போகும் சாலை

ஷார்த்ரின் தெற்குப் பக்கக்கூடத்தில், தரைக்கு அருகே தொடங்கி உயரும் நல்ல சமாரியர் சாளரம் இந்தக் கேள்விக்கு விடை தருகிறது. 13ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளுக்குள் செய்யப்பட்ட சாளரம் அது. லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் வரும் உவமை நமக்கு நன்கு பழக்கமானது. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் ஒருவரைக் கள்வர்கள் அடித்து, உடைமையைப் பறித்து, குற்றுயிராக விட்டுப்போகிறார்கள். குரு ஒருவர் கண்டும் காணாமல் விலகிப் போகிறார், லேவியரும் அப்படியே. யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரிய இனத்தவர் ஒருவர்தான் இரங்கி, காயத்தைக் கட்டி, தம் விலங்கின்மேல் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்து, பராமரிப்புச் செலவையும் ஏற்கிறார்.

சாளரத்தின் அடியில் செருப்புத் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். அதற்கு மேலே இயேசு உவமையைச் சொல்கிறார், பரிசேயர்கள் கேட்கிறார்கள். அங்கிருந்து கதை ஏறுகிறது. நகர வாயிலை விட்டுப் புறப்படும் பயணி, பதுங்கியிருக்கும் கள்வர்கள், தாக்குதல், கடந்துபோகும் குருவும் லேவியரும், காயம் கட்டும் சமாரியர், சத்திரம், நோயாளிக்குப் பணிவிடை. உவமை இத்துடன் முடிகிறது. சாளரமோ அதன் நடுப்பகுதியைத்தான் எட்டியிருக்கிறது.

அடுத்த பதக்கத்தில் கடவுள் ஆதாமைப் படைக்கிறார். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் கதை உலகத்தின் தொடக்கத்துக்குத் தாவுகிறது. ஏவாளின் படைப்பு, விலக்கப்பட்ட மரம், கனியை உண்ணுதல், வெட்கம், கடவுள் அழைக்கும் குரல், தோட்டத்திலிருந்து வெளியேற்றம், மண்ணைக் கொத்தும் ஆதாம், நூல் நூற்கும் ஏவாள், தம்பி ஆபேலைக் கொல்லும் காயின். உச்சியில், இரு வானதூதர்களுக்கு நடுவே கிறிஸ்து அமர்ந்திருக்கிறார்.

உவமையையும் படைப்பையும் இணைப்பது திருச்சபைத் தந்தையர் காலத்திலிருந்து வரும் விளக்கம். ஒரிஜன், அகுஸ்தீன், பீட் ஆகியோர் அதை வளர்த்தெடுத்தார்கள். பயணி ஆதாம், அதாவது மனித குலம்; எருசலேம் விண்ணக அமைதி; எரிகோ இந்த உலகம்; கள்வர்கள் சாத்தானும் அவன் படையும்; குருவும் லேவியரும் பழைய சட்டமும் இறைவாக்கும்; சமாரியர் கிறிஸ்து; சத்திரம் திருச்சபை. இந்த விளக்கம் மறையுரைகள் வழியாக அன்று நன்கு பரவியிருந்தது.

இதே பொருளில் இதே காலத்தில் பூர்ஜ் பேராலயத்திலும் ஒரு சாளரம் எழுந்தது. அதில் உவமை நடுப் பதக்கங்களில் மேலிருந்து கீழாக இறங்குகிறது; விளக்கக் காட்சிகள் அதன் இருபுறமும் ஒட்டியே நிற்கின்றன. பயணி அடிபடும் இடத்துக்குப் பக்கத்தில் ஆதாமின் வீழ்ச்சி, பின்னர் மோசேயின் வரலாறு, கிறிஸ்துவின் பாடுகள். பார்த்தவுடன் இதற்கு இது என்ற ஒப்புமை கண்ணுக்கு எட்டிவிடும். இத்தகைய கண்ணாடிக் கதைகளின் அமைப்பை வொல்ஃப்காங் கெம்ப் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். இந்த இரண்டையும் ஒப்பிட்டால் ஷார்த்ரின் தேர்வு தனித்துத் தெரிகிறது. இங்கே விளக்கம் பக்கத்தில் இல்லை. முழு உவமையும் முடிந்த பிறகுதான் வருகிறது. அதுவும் விளக்கமாக வராமல் இன்னொரு கதையாக வருகிறது. இரண்டையும் சேர்ப்பது பார்ப்பவரின் வேலை.

அந்த வேலையில்தான் தியானம் நிகழ்கிறது என்பேன். உவமையைக் கேட்கும் ஒருவர் தம்மைச் சமாரியரின் இடத்தில் வைத்துப் பார்ப்பது இயல்பு. நானாக இருந்தால் நின்றிருப்பேனா, விலகிப் போயிருப்பேனா என்று மனம் கணக்குப் போடும். சாளரத்தின் கீழ்ப்பாதி அந்த எண்ணத்தை வளர விடுகிறது. மேற்பாதிக்குப் போனதும் பார்வை புரள்கிறது. தோட்டத்தை விட்டு வெளியேற்றப்படுபவர்களைப் பார்க்கும் கண், நகர வாயிலை விட்டுப் புறப்பட்ட பயணியிடம் திரும்புகிறது. காயினின் கொலையைப் பார்க்கும் கண், சாலையில் நடந்த தாக்குதலுக்கு இறங்கி வருகிறது. சாலையில் கிடந்தவர் எவரோ ஒருவர் இல்லை, ஆதாமின் வழிவந்த எல்லோரும், பார்த்துக்கொண்டிருக்கும் இவரும். அடியில் கதை சொல்பவராக இருந்த இயேசு உச்சியில் ஆட்சி செய்பவராக இருக்கிறார். இடையில் காயம் கட்டியவர் யார் என்பதைச் சாளரம் எழுதிக் காட்டவில்லை. மேலும் கீழும் போய்வரும் கண் அதைத் தானே கண்டடைகிறது.

கார்த்தூசியன் துறவி இரண்டாம் கிகோ 12ஆம் நூற்றாண்டில் எழுதிய சிறு நூல், ஆன்மிக வாழ்வை நான்கு படிகள் கொண்ட ஏணியாக விவரிக்கிறது: வாசித்தல், சிந்தித்தல், மன்றாடுதல், ஆழ்ந்து நிலைத்தல். வாசிப்பில் கிடைத்ததைச் சிந்தனை மென்று உட்பொருளைத் தேடும். தேடியும் எட்டாததை மன்றாட்டு கேட்கும். கடைசிப் படி அருளால் கிடைப்பது. நல்ல சமாரியர் சாளரத்தை வடிவமைத்தவர்கள் இந்த நூலைப் படித்திருந்தார்கள் என்று கொள்ளத் தேவையில்லை. அந்தக் காலத்துத் துறவறக் கல்வியில் ஊறிய பொதுவான பழக்கம் இது. சாளரம் அந்தப் பழக்கத்துக்குக் கண்ணாடியில் உருவம் தந்தது.

சாளரத்தின் அடியில் இருப்பவர்கள்

ஷார்த்ரில் நாற்பதுக்கும் மேற்பட்ட சாளரங்களில் தொழிலாளர்களும் வணிகர்களும் இடம்பெறுகிறார்கள். அப்பம் சுடுபவர், மென்மயிர்த் தோல் வணிகர், சக்கரம் செய்பவர், தண்ணீர் சுமப்பவர், திராட்சை இரசம் விற்பவர், நாணயம் மாற்றுபவர் எனப் பட்டியல் நீளும். இவர்கள் சங்கமாகச் சேர்ந்து பக்தியோடு சாளரங்களைக் காணிக்கையாக்கினார்கள் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஜேன் வெல்ச் வில்லியம்ஸ் 1993இல் வெளியிட்ட ஆய்வு இந்த இனிய சித்திரத்தைக் கேள்விக்குள்ளாக்கியது. நகரத்தின் தொழில், வரி, சந்தை ஆகியவற்றின்மீது பேராலயக் குருக்களுக்கு இருந்த அதிகாரத்தையும், அதனால் எழுந்த மோதல்களையும் அவர் எடுத்துக்காட்டினார். இந்தப் படங்கள் தொழிலாளர்களின் விருப்பத்தைக் காட்டிலும் திருச்சபை விரும்பிய சமூக ஒழுங்கையே காட்டுகின்றன என்பது அவர் வாதம்.

சாளரங்களைத் தியானப் பொருளாகக் கொள்பவர் இந்த ஆய்வைக் கண்டு ஒதுங்கத் தேவையில்லை. மாறாக, அதை உள்ளே எடுத்துக்கொள்ள வேண்டும். பணம் யாருடையது, உழைப்பு யாருடையது, ஆணை யாருடையது என்ற கேள்விகள் ஒவ்வொரு பேராலயத்தின் அடித்தளத்திலும் இருக்கின்றன. காயம்பட்டவரைக் கடந்துபோகும் குருவின் படத்தைத் தங்கள் ஆலயத்திலேயே, வழிபடும் மக்களின் பார்வையில் படும்படி அந்தக் குருக்கள் வைத்தார்கள் என்பதும் உண்மை. படம் தன்னை அமைத்தவர்களையும் விசாரிக்கிறது. பயணிக்குச் செருப்புத் தைப்பவர்கள் பயணக் கதையின் அடியில் அமர்ந்திருப்பது தற்செயலோ திட்டமோ, அந்தப் பொருத்தம் பார்ப்பவரைத் தரையில் கால்பதிக்கச் செய்கிறது. மேலே ஏறும் கதை, தோலும் ஊசியும் கையுமாக உழைப்பவர்களிடமிருந்துதான் தொடங்குகிறது.

தெற்குக் குறுக்குக்கூடத்தின் பெரிய ரோஜாச் சாளரத்துக்குக் கீழேயும் இதுபோன்ற ஒரு சிந்தனை இருக்கிறது. எசாயா, எரேமியா, எசேக்கியேல், தானியேல் ஆகிய இறைவாக்கினர் நால்வரும் பெரிய உருவத்தினராக நிற்க, நற்செய்தியாளர் நால்வரும் அவர்கள் தோள்மேல் சிறுவர்களைப்போல் அமர்ந்திருக்கிறார்கள். முன்னோர் என்னும் பெரியவர்களின் தோளில் நிற்பதால்தான் நாம் அவர்களைவிடத் தொலைவாகக் காண்கிறோம் என்ற கருத்தைச் சொன்னவர் 12ஆம் நூற்றாண்டில் இதே நகரப் பள்ளியில் கற்பித்த பெர்னார்ட். அதைப் பதிவுசெய்த சாலிஸ்பரி ஜான் பின்னர் இதே ஷார்த்ருக்கு ஆயரானார். அந்தச் சொல்லிலிருந்துதான் இந்தச் சாளரம் பிறந்தது என்று உறுதிப்படுத்த முடியாவிட்டாலும், இரண்டும் ஒரே மண்ணின் விளைச்சல். சமாரியர் சாளரத்தில் தூக்கிச் செல்லப்படும் மனிதர். இங்கே சுமக்கப்படும் நற்செய்தியாளர்கள். இரண்டு இடத்திலும் மனிதர் தம் சொந்த வலிமையால் உயரவில்லை.

அழுக்கும் மறைபொருளும்

ஷார்த்ருக்குப் போன எழுத்தாளர்கள் பலரும் அதன் இருளைப் போற்றினார்கள். இருண்ட கற்களுக்கு நடுவே மிதக்கும் நீலம் பலருக்கு ஆன்மிகத்தின் உருவமாகவே ஆகிவிட்டது. 1970களில் மேற்குச் சாளரங்களைச் சுத்தம் செய்தபோது, மர்மம் போய்விட்டது என்று எதிர்ப்பு எழுந்தது. 2009 முதல் உட்சுவர்களைத் தூய்மையாக்கும் பெரும்பணி நடந்தது. நூற்றாண்டுகளின் மெழுகுப் புகையும் கரியும் நீங்கியதும், 13ஆம் நூற்றாண்டில் பூசிய வெளிர்நிறப் பூச்சும் அதன்மேல் வரைந்த போலிக் கல்லிணைப்புக் கோடுகளும் வெளிப்பட்டன. அவற்றை மீட்டுப் புதுப்பித்தபோதும் கடுமையான சர்ச்சை மூண்டது. வரலாற்றின் தழும்புகளை அழித்துவிட்டார்கள் என்றனர் சிலர். கட்டியவர்கள் கண்ட ஆலயத்தை மீட்டுவிட்டார்கள் என்றனர் வேறு சிலர்.

இரு தரப்புக்கும் நியாயம் உண்டு. எட்டு நூற்றாண்டுகளின் மன்றாட்டோடு எரிந்த மெழுகுதிரிகளின் கரியும் ஒரு சாட்சியம்தான். இருந்தாலும் இந்தச் சர்ச்சை நமக்கு ஒன்றைத் தெளிவாக்குகிறது. பலர் தெய்விகம் என்று உணர்ந்த இருளில் ஒரு பங்கு புகை. ஆன்மிகச் சிந்தனையை அந்த மங்கலான உணர்ச்சியின்மீது மட்டும் கட்டினால், சுவரைத் துடைத்ததும் அது கலைந்துவிடும். நல்ல சமாரியர் சாளரம் தரும் சிந்தனை அப்படிக் கலையாது. கண்ணாடி தெளியத் தெளிய அதன் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. சிஸ்டர்சியன் துறவியரின் அச்சத்துக்கு அந்தச் சாளரம் தரும் பதிலும் இதுதான். நிறம் கண்ணை நிறுத்துகிறது. வரிசை அதைச் சிந்திக்கவைக்கிறது. சிந்தனை பார்ப்பவரைக் கிறக்கத்திலிருந்து வெளியே கொண்டுவருகிறது.

இன்று பலர் இந்தச் சாளரங்களைக் கைப்பேசியில் படமெடுத்து நகர்ந்துவிடுகிறார்கள். அவர்களைப் பழிப்பதில் பயனில்லை. பேருந்து காத்திருக்கும், நேரம் குறைவு. ஆனாலும் ஒரே ஒரு சாளரத்தைத் தேர்ந்துகொண்டு, கண் பழகும்வரை அதன்முன் இருந்து, அடியிலிருந்து உச்சிவரை இருமுறை வாசித்தால் போதும் என்று சொல்லத் தோன்றுகிறது. முதல் முறை கதைக்காக. இரண்டாம் முறை கதைக்குள் தம் இடத்துக்காக. கிறிஸ்தவ நம்பிக்கை இல்லாதவருக்கும் இந்த வாசிப்பில் பங்கு உண்டு. யாரோ ஒருவர் குனிந்து தூக்காமல் எழுந்து நின்ற மனிதர் எவரும் இல்லை என்பது எந்த மதத்தவரும் தம் வாழ்விலேயே சரிபார்க்கக்கூடிய உண்மை.

லூக்காவின் உவமை, நீரும் போய் அவ்வாறே செய்யும் என்ற பொருள்பட்ட கட்டளையில் முடிகிறது. ஷார்த்ரின் கண்ணாடி அந்தக் கட்டளைக்கு முன் வரவேண்டிய ஒன்றைச் சேர்க்கிறது. தாம் காப்பாற்றப்பட்டவர் என்பதை அறியாமல் உதவி செய்பவரிடம் மேட்டிமை எளிதில் ஒட்டிக்கொள்ளும். அறிந்து உதவுபவருக்கு அது கடன் திருப்பும் செயலாகிறது. இரக்கத்துக்கு வேர் நன்றியில் இருக்கிறது என்ற இந்த ஒழுங்கை வாதத்தால் நிறுவ முயன்ற நூல்கள் ஏராளம். 13ஆம் நூற்றாண்டின் பெயர் தெரியாத கண்ணாடிக் கலைஞர்கள் அதை இரு கதைகளின் வரிசையாலேயே நிறுவினார்கள். அந்த வரிசையைப் பொறுமையாக வாசிப்பதே அவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை. அதன்படி நடப்பதே அந்த வாசிப்பின் நிறைவு.